காய்ப்பு

கார்த்திகையில் விடாமல் மழை பெய்த நான்காம் நாள், மங்கையர்க்கரசி தறியில் உட்கார்ந்தபடியே இடப்பக்கமாகச் சாய்ந்தாள். புடவைக் கரைக்கு நூல் கொண்டு போகும் நாடாக் கட்டை அவள் மடியிலேயே கிடந்தது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த பஞ்சாட்சரம், அவள் தூங்கி வழிகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். "நாடாவப் போடும்மா" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்தபோது அவளுடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். உயிர் தங்கியது. இடது கையும் இடது காலும் போனது போனதுதான்.

கோர்வைப் புடவை ஒற்றை ஆள் நெய்கிற காரியம் இல்லை. புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவர் உடலுக்கான நாடாவை வீசினால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கரைக்கான நாடாவை வீசி, இரண்டு நூலும் சந்திக்கும் இடத்தில் விரலால் கோர்த்து விட வேண்டும். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான தடவை. பிள்ளையார்பாளையத்தின் அந்தச் சின்ன வீட்டில் இருபத்திரண்டு வருஷம் அந்த இடம் மங்கையர்க்கரசியினுடையது. அவள் வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த மறுநாள், அவர்களுடைய ஒரே மகள் திரிஷா அங்கே உட்கார்ந்தாள்.

திரிஷாவுக்கு இருபத்தொரு வயது. பி.காம் முடித்திருந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, தாமல் ஏரியில் துடுப்புப் படகுப் போட்டிக்குப் பெண்களைச் சேர்க்கிறார்கள் என்று சொன்னார்கள். வேடிக்கை பார்க்கப் போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். தறிக்குழியும் சந்தும் தவிர வேறு அகலத்தைப் பார்த்திராத பெண். முதல் நாள் படகு கரையை விட்டு நகர்ந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

அங்கே அவளுக்குக் கிடைத்த ஜோடி அபி. தாமல்காரி. அபியின் அப்பா தாவீது நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். அவருடைய அப்பா வரைக்கும் ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். ஏரித் தண்ணீர் அவர்கள் முழங்கால் அளவு நின்று உழைத்த தண்ணீர். அபிதான் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக அதன் மேலே உட்கார்ந்து போனவள். இரண்டு பேர் படகில் அபி முன்னால், திரிஷா பின்னால். முன்னால் இருப்பவள் தாளம் வைப்பாள். பின்னால் இருப்பவள் அந்தத் தாளத்தில் பலம் போடுவாள். முன்னால் இருப்பவளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. இருபத்து மூன்று வயதுக்குள் இருப்பவர்களுக்கு. முதல் மூன்று இடத்தில் வந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போடலாம். அபிக்கு அதுதான் கடைசி வருஷம்.

தை மாதம் முழுக்க திரிஷா விடியற்காலையில் அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போனாள். பனி முகத்தில் அறையும். லாரி கடந்தால் வண்டி ஆடும். உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வரைக்கும் ஏரி நிறைந்து கிடந்தது. இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குள் தறிக்குத் திரும்ப வேண்டும்.

ஒருநாள் கரையேறியதும் அபி அவள் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல்களின் அடியில் நான்கு மேடுகள். கட்டை விரலின் உள்பக்கம் ஒன்று. அவற்றைச் சுற்றி, கோடையில் ஏரிச் சேறு வெடிக்கிற மாதிரி மெல்லிய வெடிப்புகள்.

"ஏரித் தண்ணிய கையிலேயே காய வுடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது உனுக்கு?" அபி கேனிலிருந்த நல்ல தண்ணீரை அவள் கையில் ஊற்றினாள். துண்டால் ஒற்றினாள். அவளிடம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் நுரைக்கல் ஒன்று, வெள்ளை டேப் ஒரு சுருள், வாஸ்லின்.

"கல்லால மெதுவா தேய்க்கணும். மேடு மட்டும் கொறஞ்சா போதும். மேடு அப்டியே நின்னா ஒருநாளு சதையோட பேத்துக்கினு வந்துடும். அதுக்குன்னு மொத்தமா எடுத்துடவும் கூடாது. அடியில இருக்கிறது பச்சத் தோலு. துடுப்புல நிக்காது."

"தேய்ச்சிக்கினுதான் இருக்கேன்."

"எங்க தேய்ச்ச? தேங்கா நார் மாதிரி இருக்குது. வாஸ்லின் போடறியா இல்லியா?"

"எங்கடி போடறது? பட்டுல பிசுக்குப் பட்டா கறை. சோப்பு போட்டு கழுவுனாலும் முழுசா போவல. எங்கப்பா மோந்து பாத்தே கண்டுபிடிச்சிடறாரு."

"தூங்கறப்போ போட்டுட்டு சாக்ஸ் மாட்டிக்கோ."

"தூங்கறப்போ எங்கம்மாவ நாலு வாட்டி பொரட்டிப் படுக்க வெக்கணும். சாக்ஸ் மாட்டிக்கினு எப்டிப் பொரட்டறது?"

அபி டப்பாவை மூடினாள். பிறகு, "வா, எங்கூட்டுல சாப்ட்டுப் போ. எங்கம்மா கெளுத்தி வாங்கியாந்துருக்குது" என்றாள்.

அபியின் அம்மா கிரேஸ் வைத்த மீன் குழம்பைத் திரிஷா மூன்று தடவை சாப்பிட்டிருக்கிறாள். சைவ வீட்டுப் பெண். வீட்டில் தெரியாது. அன்று குழம்பின் காரம் கைவெடிப்பில் பட்டு எரிந்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. கிரேஸ் சிரித்துக்கொண்டே ஒரு ஸ்பூனை எடுத்துக் கொடுத்தாள்.

காய்த்த கை துடுப்புக்கு நல்லது. பட்டுக்கு ஆகாது. பட்டு இழை தலைமுடியை விட மெல்லியது. சொரசொரப்பான விரல் பட்டால் மாட்டிக்கொண்டு பிசிறும், இல்லையென்றால் அறுந்துவிடும். திரிஷா கோர்க்கும் இடத்தில் நாளுக்குப் பத்து இழை அறுந்தது. ஒவ்வொரு இழைக்கும் பஞ்சாட்சரம் வேலையை நிறுத்தி, குனிந்து, முனையைத் தேடி எடுத்து முறுக்கி ஒட்டவேண்டும். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஒட்டி முடித்ததும், "ம், போடும்மா" என்பார். அவ்வளவுதான். திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருக்கும்.

மத்தியானம் அவர் சாப்பிட்டுக் கண்ணயரும்போது, மங்கையர்க்கரசி மகளைக் கட்டிலுக்குக் கூப்பிடுவாள். குழறலான பேச்சு. வீட்டார் இருவருக்கு மட்டும் புரியும்.

"கையக் குடு."

திரிஷா ஒரு கிண்ணத்தில் அரிசி களைந்த தண்ணீரும் நுரைக்கல்லும் கொண்டுவந்து வைப்பாள். கையை அதில் ஊற வைத்துவிட்டு அம்மாவின் வயிற்றுமேல் நீட்டுவாள். மங்கையர்க்கரசி இருக்கிற ஒரு கையால் தேய்ப்பாள். பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் கல் வழுக்கி வழுக்கிப் போகும்.

"எங்கையி எப்டி இருந்துச்சு தெரியுமா. வாழப்பட்டை."

"தெரியும்மா."

"நான் இப்டி வுழுந்ததுதான் உனுக்கு வெனையாப் போச்சு."

"நீயா வுழுந்த? சும்மா இரும்மா."

"போட்டி முடிஞ்சதும் வேலை குடுத்துடுவாங்களா?"

"ஒடனேலாம் இல்ல. மனு போடணும். ஆனா குடுப்பாங்க."

"வேல வந்துட்டா நீ தறியில உக்கார வோணாம்."

"ஆமாம்மா."

"அப்போ உங்கப்பா பக்கத்துல யாரு உக்காருவா?"

திரிஷா கையைக் கிண்ணத்தில் மறுபடி நனைத்து நீட்டினாள். மங்கையர்க்கரசி தேய்க்கத் தொடங்கினாள்.

தறியில் இருந்தது ஒரு முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. நெய்யக் கொடுத்த முதலாளியின் ஆள் மாசி பிறந்த மூன்றாம் நாள் பார்க்க வந்தான். சுருட்டியிருந்த புடவையைப் பிரித்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தான். கரையோரமாக உள்ளங்கையை ஓட்டினான். ஒரு இடத்தில் நின்றான்.

"இன்னா மொதலியாரே இது, பூனை பெராண்டுன மாதிரி?"

பஞ்சாட்சரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கரையும் உடலும் சேரும் இடத்தில், கடைசியாக நெய்த ஒன்றரை முழ நீளத்துக்கு, பட்டு மெலிதாகப் பிசிறி நின்றது. தள்ளி நின்றால் தெரியாது. கிட்டே பார்த்தால் தெரியும். கல்யாணப் பெண்ணைக் கிட்டேதான் பார்ப்பார்கள்.

"நெய்யறப்போ தெரியல" என்றார்.

"உங்க நெசவுல நான் இதுக்கு முன்னால இந்த மாதிரிப் பாத்ததே இல்ல. இத்தப் பிரிச்சிட்டு மறுபடி போட்டுடுங்க. வர்ற சனிக்கெழம காலைல நான் வந்து எடுத்துக்கினு போவணும். பொண்ணு வூட்டுக்காரங்க வந்து உக்காந்துடுவாங்க."

"வேற ஆள் யாரையாவது அனுப்பறீங்களா, கோர்வைக்கு?"

"முகூர்த்த மாசத்துல யாரு சும்மா இருக்கிறா? நீங்களே பாருங்க."

பஞ்சாட்சரம் அன்று சாயங்காலம் நாலு தெரு நடந்தார். கோர்வைக்கு உட்காரத் தெரிந்த எல்லாப் பெண்களும் அவரவர் வீட்டுத் தறியில் இருந்தார்கள். ரேவதி என்கிற சொந்தக்காரப் பெண் மட்டும், "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வேணும்னா வரேண்ணா" என்றாள். அதற்குள் புடவை போயிருக்க வேண்டும்.

திரும்பி வந்தவர் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஒன்றரை முழத்தைப் பிரிக்க வேண்டும். நெய்வதைவிடப் பிரிப்பது பெரிய பாடு. அவர் பிரிக்கத் தொடங்கியபோது திரிஷா எதிரில் வந்து கையை நீட்டினாள்.

"எடுத்துடுப்பா."

"எத்த?"

"இந்தக் காய்ப்ப. உன்கிட்டதான் பிளேடு இருக்குது இல்ல."

பஞ்சாட்சரம் கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "போட்டி இருக்குதேம்மா."

"அதுக்கு இன்னும் எட்டு நாளு இருக்குது. தோல் வளந்துடும். டேப் சுத்திக்கிறேன்."

"அந்தப் பொண்ணு எடுக்கக் கூடாதுன்னுச்சே, நீ சொன்னியே."

"அவ எல்லாத்துக்கும் பயப்படுவா."

கட்டிலிலிருந்து மங்கையர்க்கரசி ஏதோ சொன்னாள். இரண்டு பேருக்கும் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் பஞ்சாட்சரத்தின் கையைப் போல நிதானமான கை குறைவு. புடவையின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் முனையை, துணியில் கீறல் விழாமல் பிளேடால் வழித்தெடுப்பார். அந்தப் பிளேடைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தார். மகளின் கையை வெந்நீரில் ஊற வைத்தார். பிறகு வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மடியில் துண்டு விரித்து, அதன்மேல் அவள் கையை வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மேடாக, சீவிய வெங்காயத்தின் தோல் மாதிரி மெல்லிய துண்டுகளாக எடுத்தார். இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம், "வலிக்குதா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் "இல்லப்பா" என்றாள். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. இரண்டு கையும் முடிந்தபோது உள்ளங்கை, பிறந்த பிள்ளையின் கால் மாதிரி சிவந்திருந்தது. அவர் தன் கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். எங்கேயும் தட்டவில்லை.

"இத்தினி நாளு இந்தக் கைய மூடி வெச்சிக்கினு இருந்தியே" என்றார்.

அந்த ஒரு வாரம் அவள் ஏரிக்குப் போகவில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அபிக்குப் போனில் சொன்னாள். பொய் என்றும் சொல்ல முடியாது. காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருப்பது இட்லி சாப்பிடவும் அம்மாவைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போகவும் மட்டும்தான். பட்டு அவள் விரலில் தண்ணீராக வழுக்கிப் போனது. பச்சைத் தோலில் தறியில் நீளவாக்கில் கட்டிய, கஞ்சி போட்ட பாவு நூல் உரசி உரசி எரிந்தது. பொறுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாலை முந்தானையும் முடிந்தது. சனிக்கிழமை காலை ஆள் வந்து கையை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதான் உங்க வேலை" என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை சென்னைப் பக்கம் ஒரு ஏரியில் போட்டி. படகுச் சங்கத்தின் வேனில் அபியும் திரிஷாவும் பயிற்சியாளர் தினேஷும் போனார்கள். பூந்தமல்லி தாண்டும்போது அபி டேப்பை எடுத்து, "கையக் காட்டு, சுத்தி விடறேன்" என்றாள்.

"நானே சுத்திக்கினேன்."

"எவ்ளோ தடிமனா சுத்தி வெச்சிருக்க? பிடியே கெடைக்காதுடி."

"எனக்கு அதான் வசதி."

அபி நம்பிவிட்டாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை.

ஐந்நூறு மீட்டர். ஒன்பது படகுகள். முதல் நூற்றைம்பதில் அவர்கள் இரண்டாவதாக இருந்தார்கள். இருநூறில் டேப் நனைந்து உருண்டது. இருநூற்றைம்பதில் வலது கையின் தோல் ஒரு பக்கமாகச் சுருண்டு வருவதைத் திரிஷா உணர்ந்தாள். வலி அப்போது பெரிதாகத் தெரியவில்லை. பிடி மட்டும் இல்லை. துடுப்பின் தண்டு சோப்புக் கட்டி மாதிரி சுழன்றது. அவள் இறுக்கிப் பிடித்தாள். இறுக்க இறுக்க இன்னும் உரிந்தது.

அபி முன்னால் கத்திக்கொண்டே இருந்தாள். "போடு. போடு. மூணாவது இருக்கோம், போடு." பிறகு, "இன்னாடி பண்ற, போடு." பிறகு அவளுக்கு மூச்சு பத்தவில்லை; கத்துவதை விட்டுவிட்டுத் தனியாக இழுத்தாள். ஒரு ஆளின் பலத்தில் இரண்டு பேர் எடை. படகு ஏழாவதாகப் போய்ச் சேர்ந்தது.

கரைக்கு வந்து இறங்கித் திரும்பியபோதுதான் அபி பார்த்தாள். துடுப்பின் தண்டு நடுவில் சிவப்பாக இருந்தது. திரிஷாவின் மடியிலும் சிவப்பு. அபி ஓடிவந்து அவளுடைய விரல்களைப் பிரித்தாள். டேப்பின் கீழே இருந்த கையைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்தது. அது துடுப்பில் பெயர்ந்த காய்ப்பு இல்லை. ஓரமெல்லாம் நேர்கோடாக, பிளேடு போன தடம்.

"எப்போ எடுத்த?"

"போன வாரம்."

"யாரு எடுத்தது?"

"எங்கப்பா. நான்தான் கேட்டேன்."

அபி கேனைத் திறந்து அந்தக் கையில் நல்ல தண்ணீரை ஊற்றினாள். துண்டால் ஒற்றினாள். அதைச் செய்துகொண்டே கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ வேற ஆளப் பாத்துருப்ப."

"ஆமா, பாத்துருப்பேன்" என்றாள் அபி. "சங்கத்துல பொன்னி இருந்தா. ஒரு வாரம் இருந்துச்சு. பாத்துருப்பேன்."

"அதான் சொல்லல."

"எனக்கு இதான் கடைசி வருஷம்னு உனுக்குத் தெரியும் இல்ல, திரிஷா."

"தெரியும்."

அபி துண்டை அவள் கையில் சுற்றி முடிச்சுப் போட்டாள். இழுத்துக் கட்டவில்லை, வலிக்காத மாதிரிதான் கட்டினாள். பிறகு தன் செருப்பை எடுத்துக்கொண்டு வேனின் முன் சீட்டில் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாமல் வரும் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அழுதாளா என்பது பின்னாலிருந்து தெரியவில்லை.

கை சீழ் வைத்தது. மூன்று வாரம் ஊசியும் கட்டுமாகப் போனது. கட்டைப் பிரித்த அன்று பஞ்சாட்சரம் வாசலில் உட்கார்ந்து, "நான் வோணாம்னு சொல்லியிருக்கணும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. திரிஷா உள்ளே அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள்.

பங்குனியில் ஊர் தேரும் திருவிழாவுமாக இருந்தபோது அவள் இரண்டு தடவை அபிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. ஒரு நாள் தாமலுக்கே போனாள். கிரேஸ்தான் இருந்தாள். அபி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகவும், கம்பெனி பஸ் காலை ஐந்து மணிக்கே வந்துவிடுவதாகவும் சொன்னாள். "நின்னுக்கினே வேலையாம்மா. காலெல்லாம் வீங்கிப் போவுது. சாப்பிட்டுப் போறியா?" என்று கேட்டாள். திரிஷா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சித்திரையில் ஏரி பாதிக்குமேல் வற்றியது. சங்கத்தார் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

வைகாசி முகூர்த்தங்களுக்காக வீட்டில் புதுப் பாவு ஏறியது. மயில் கழுத்து நிறம். திரிஷா காலையிலிருந்து மாலை வரை கோர்வையில் உட்கார்ந்தாள். ஒரு நாள் பதினொரு மணி வாக்கில், மின்விசிறி நின்று வியர்வை வழிந்துகொண்டிருந்தபோது, அவளுடைய போன் அடித்தது. பஞ்சாட்சரம் நாடாவை நிறுத்தினார்.

"எடுத்துப் பேசும்மா. நான் இருக்கறேன்."

தினேஷ்தான். அடுத்த வருஷத்துக்கு வேறு ஜில்லாவில் ஒரு அணி சேர்க்கிறார்கள். அங்கேயே விடுதி. சாப்பாடு போட்டு ஆறு மாசம் பயிற்சி. பின்னால் உட்காரப் பலமான ஆள் ஒருத்தி வேண்டும். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"அபியக் கேளுங்க சார்" என்றாள் திரிஷா.

"அபிக்கு வயசு தாண்டிடுச்சு. அவளுக்கு எப்டியும் முடியாது. அவதான் நேத்து எனக்குப் போன் பண்ணா. உன்னக் கூப்பிடச் சொன்னா."

திரிஷா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"இருக்கிறியாம்மா?"

"அவ இன்னா சார் சொன்னா?"

"உன்ன விட்டா பின்னாடி ஒக்கார ஆள் கெடையாதுன்னா. உன் கைய மட்டும் ஒழுங்கா பாத்துக்கச் சொன்னா. அங்க அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க. நீ வா."

திரிஷா தறியைப் பார்த்தாள். மயில் கழுத்துப் பாவு சுவர் வரைக்கும் நீண்டிருந்தது. அப்பா அந்த இடைவெளியில், மடங்கிய முதுகை நிமிர்த்தாமலே, துணியில் விழுந்த வியர்வையை ஒற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. அவளுடைய கண் மட்டும் மகள்மேல் இருந்தது.

"வர முடியாது சார்."

"அவசரப்படாத. திங்கக்கெழம வரைக்கும் யோசிச்சு சொல்லு."

"யோசிச்சிட்டேன் சார். அபிகிட்ட..." என்று தொடங்கினாள். அபியிடம் என்ன சொல்லச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. "வெச்சிடறேன் சார்."

போனைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தாள். திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யாரும்மா?" என்று பஞ்சாட்சரம் கேட்டார்.

"ரீசார்ஜ் பண்ணச் சொல்றாங்கப்பா."

அவர் நாடாவை வீசினார். அவள் வாங்கிக் கோர்த்தாள்.